கேட்ட இடமெல்லாம் நின்ற கார்

என் அம்மாவை நடுவீட்டில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றி, ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் சுருளி அருவியில் குளித்துக்கொண்டிருந்தேன். ஏனோதானோ என்று குளிக்கவில்லை. மஞ்சள் தேய்த்து, சிரித்துக்கொண்டே குளித்தேன். காரில் வந்தவர்கள் என்னைச் சேர்த்து நாலே பேர். மற்ற மூன்று பேருக்கும் அம்மா இறந்தது தெரியும். தெரியாதவள் பெற்ற மகள் ஒருத்திதான்.

இத்தனை வருஷம் கழித்தும் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. அழுகை அதற்குப் பின்னால் மெதுவாக வந்து சேரும்.

யுத்தத்துக்கு முந்தின காலம் அது. போடியில் என் மாமனாருக்கு ஏலக்காய் வியாபாரம். மலைத் தோட்டத்துக்குப் போய்வர என்று சொல்லி மதுரையில் யாரோ ஓட்டிக் கழித்த ஒரு பிளஷர் காரை வாங்கியிருந்தார். அப்போதெல்லாம் காருக்கு எங்கள் பக்கத்தில் பிளஷர் என்றுதான் பேர். மேலே கித்தான் கூரை, முன்னால் சுற்றிவிடுகிற கைப்பிடி, ஏற்றத்தில் ஏறினால் கெண்டி மாதிரி ஆவி விடும். கார் வந்ததும் என் மாமியாருக்கு ஊர் சுற்றிப் பார்க்கிற ஆசை வந்துவிட்டது. தை மாதம், அறுவடை முடிந்த நேரம். மாமனார் கடையை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். மாமியார், என் வீட்டுக்காரர், நான், டிரைவர் என்று புறப்பட்டோம். கம்பம் வழியாகக் குமுளி ஏறி, பெரியாற்று ஏரியைப் பார்த்துத் திரும்புவதாக ஏற்பாடு.

அந்தப் பயணத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பின்சீட்டில் மாமியார் காற்று வேண்டுமென்று ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, மறு ஓரத்தில் சாப்பாட்டுக் கூடையும் தண்ணீர்ப் பானையும் இருந்தன. நடுவில் நான். குமுளி மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் மாமியார் என் மடியில் சாய்ந்து ஓங்கரித்தார். மேலே போய்ப் பார்த்தால் கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர், அதில் செத்த மரங்கள் கறுப்பாக நிற்கின்றன. இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அங்கன என்ன வச்சிருக்கு? தண்ணியப் பாத்ததே இல்லையாக்கும்" என்றார் மாமியார். இறங்கும்போது ஒரு வளைவில் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சைப் பாயை விரித்த மாதிரி தெரிந்தது. நிறுத்தச் சொன்னேன், நிற்கவில்லை. அந்தக் காரில் என் பேச்சுக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

கடைசி நாளுக்கு முந்தின இரவு கம்பத்தில் மாமனாருக்குத் தெரிந்த ஒரு மண்டிக்காரர் வீட்டில் தங்கினோம். காலையில் கட்டுச்சோற்றோடு சுருளி அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு, சாயங்காலத்துக்குள் போடி போய்ச் சேருவதாகப் பேச்சு. நான் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் எங்கள் கடைக் கணக்குப்பிள்ளை முதல் பஸ்ஸில் போடியிலிருந்து வந்து இறங்கியிருக்கிறார். என் அம்மா முந்தின நாள் அந்தியில் இறந்துவிட்டாள். காய்ச்சல் என்று ஒரு வாரம் படுத்திருக்கிறாள். நாங்கள் ஊரில் இல்லாததால் அதுவே எனக்குத் தெரியாது. மயிலாடும்பாறையிலிருந்து கேதம் சொல்ல வந்த ஆள் ராத்திரியோடு ராத்திரியாகப் போடிக்கு நடந்து வந்து மாமனாரிடம் சொல்லியிருக்கிறான். பொழுது விழுவதற்குள் எடுத்துவிடுவார்கள், மகளை எப்படியாவது கூட்டிவந்து சேர்த்துவிடுங்கள் என்பது செய்தி.

கணக்குப்பிள்ளை முன்கட்டில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டே இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். நடுவில் ஒரே ஒரு சுவர். தண்ணீர் எடுக்கப் போனபோது சுவரோரம் ஒட்டுப்போட்ட குடை ஒன்று சாத்தியிருப்பதைப் பார்த்தேன். நம் கணக்குப்பிள்ளை குடை மாதிரி இருக்கிறதே என்று ஒரு நொடி நினைத்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தூரத்தில் இருக்கிற பெண்ணிடம் உன் அம்மா இறந்துவிட்டாள் என்று யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். வழியில் தாங்கமாட்டாள், மயக்கம் போட்டு விழுவாள், வண்டியிலிருந்து குதித்துவிடுவாள் என்று பயம். ஏதாவது பொய்யைச் சொல்லி வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிப் போவார்கள். வாசலில் கூட்டத்தைப் பார்த்து அவளே தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குக் கருணை என்று பேர். இன்னொரு வழக்கமும் உண்டு. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. முகம் பார்ப்பது, வாய்க்கரிசி போடுவது எல்லாம் வீட்டு வாசலோடு சரி. பாடை தெருவைத் தாண்டிவிட்டால் பெற்ற மகளாக இருந்தாலும் அவ்வளவுதான். இந்த இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டேன் நான்.

மாமியார் கொல்லைப்பக்கம் வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. ராத்திரி சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஏத்தா, வந்ததுதான் வந்தோம், ஒரு எட்டு ஒங்க ஊருக்கும் போயிட்டு வந்துருவோமா? ஒங்கம்மாளப் பாத்து நாளாச்சுல்ல" என்றார்.

என்னால் என் காதையே நம்ப முடியவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் பிறந்த வீட்டுக்குப் போனதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு தடவையும் போகட்டுமா என்று கேட்டு, கேட்டு, அழுது, பிறகுதான் அனுப்புவார்கள். இன்றைக்கு மாமியாரே கூப்பிடுகிறார், அதுவும் காரில். மயிலாடும்பாறைத் தெருவுக்குள் அதுவரை கார் வந்ததே கிடையாது. நான் அங்கே காரிலிருந்து இறங்கப் போகிறேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடிவருவாள். அக்கம்பக்கத்தார் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் அந்தக் கொல்லையிலேயே நின்று கண்ணால் கண்டுவிட்டேன்.

"அப்ப அருவிக்கு வேண்டாம், நேராப் போயிருவோம்" என்றார் என் வீட்டுக்காரர். என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அது எப்பிடி? எங்கம்மாவப் பாக்கத் தலைக்குக் குளிக்காம, இந்த அழுக்குச் சேலையோடவா போறது?" என்றேன் நான்.

வேறு நாளாக இருந்தால் எதிர்த்துப் பேசினதற்கு ஒரு முறை முறைத்திருப்பார். அன்றைக்குத் தன் தாயாரைப் பார்த்தார். மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "சரி, போகட்டும். காருதான இருக்கு" என்றார். இல்லையென்றால் நான் ஏன் ஏன் என்று கேட்பேன், கேட்டால் தெரிந்துவிடும் என்று பயம். ஒரே மகள் வராமல் எடுக்கமாட்டார்கள் என்று ஒரு தைரியம். கார் மேல் இருந்த நம்பிக்கை வேறு.

காரில் ஏறும்போது மாமியார் நடுவில் நகர்ந்துகொண்டு ஓரத்து இடத்தை எனக்குக் கொடுத்தார். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிறந்த வீடு என்றதும் எனக்குக் கண்ணும் தெரியவில்லை, மண்ணும் தெரியவில்லை.

அருவியில் தண்ணீர் நிறைய விழுந்துகொண்டிருந்தது. கூட்டம் இல்லை. மாமியார் பாறையில் உட்கார்ந்துவிட்டார், குளிக்கவில்லை. நான் போதும் போதும் என்கிற மட்டும் நின்றேன். பெட்டியைத் திறந்து கல்யாணத்துப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். தலையைத் துவட்டி வெயிலில் காயவிட்டேன். டிரைவர் கீழேயிருந்து ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

"மழ வர்ற மாதிரி இருக்கு பெரியாத்தா, வெரசாக் கெளம்புங்க" என்றார். அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. "இவருக்கு என்ன கேடு?" என்று மாமியாரிடம் சொல்லிச் சிரித்தேன். மாமியார் என் ஈரத் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ராயப்பன்பட்டியைத் தாண்டும்போது மாதா கோவிலில் உச்சி மணி அடித்தது. நல்ல பாதை, இரண்டு பக்கமும் வாழையும் தென்னையும். மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. எங்கே பார்த்தாலும் தண்ணீர் ஓடுகிற ஊர்கள் அவை. எங்கள் ஊர்ப் பக்கம் ஆற்றிலேயே ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டே வந்தேன்.

உத்தமபாளையத்தில் நிறுத்தச் சொன்னேன். கார் நின்றது. அம்மாவுக்குப் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கினேன். அவள் கை பெருங்கை, அளவு கிடைப்பது கஷ்டம். வளையல்காரர் அடுக்கு அடுக்காக எடுத்துப் போட, நான் என் கையில் மாட்டி மாட்டிப் பார்த்து, இது சிறிசு, இது பெரிசு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கடை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பக்கத்தில் பூக்காரி இருந்தாள். எனக்கும் மாமியாருக்கும் அம்மாவுக்குமாகப் பிச்சிப்பூ வாங்கினேன். மாமியார் தனக்கு வேண்டாம் என்றார். தலைவலி என்றார். நான் நிறைய வைத்துக்கொண்டேன்.

சின்னமனூரில் மறுபடி நிறுத்தச் சொன்னேன். மறுபடி நின்றது. என் அம்மா சோறு இல்லாமல்கூட இருந்துவிடுவாள், வெற்றிலை இல்லாமல் இருக்கமாட்டாள். மயிலாடும்பாறைச் சந்தைக்கு வருவதெல்லாம் வாடல் வெற்றிலை. சின்னமனூர் வெற்றிலை என்றால் அவளுக்கு உயிர். கடையில் வாங்கினால் நேற்றையதாக இருக்கும், கொடிக்காலிலேயே கிள்ளி வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"பெட்ரோல் பத்தாதும்மா. அங்கிட்டு இங்கிட்டு போனா நடுவழியில நின்னுரும்" என்றார் டிரைவர்.

"கொடிக்கால் இந்தா இருக்கு. நான் நடந்தே போறேன்" என்று இறங்கிவிட்டேன்.

"ஏ பிள்ள!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். குரல் உடைந்திருந்தது. என்ன என்று திரும்பினேன். அவர் வாயைத் திறந்தார். அப்போது சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு வார்த்தை. மாமியார் அவர் கையைப் பிடித்து அழுத்தியதை நான் பார்த்தேன். "பாத்துப் போ, வரப்பு வழுக்கும்" என்றார் அவர்.

கொடிக்காலுக்குள் நிழலும் குளிர்ச்சியுமாக இருந்தது. கொடிக்கால்காரர் வயதானவர், கை நிதானம். எங்கம்மாவுக்கு என்றதும் கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி, அடுக்கி, தண்ணீர் தெளித்து, வாழை மட்டையில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். நான் அவரிடம் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்றிருந்தேன். அவள் வெற்றிலையைத் தொடையில் வைத்துத் துடைக்கிற விதம், காம்பைக் கிள்ளிக் காதோரம் செருகிக்கொள்வது எல்லாம் சொன்னேன்.

வீரபாண்டி வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஆற்றங்கரையில் மாரியம்மன் கோயில். என் மாமியார் அந்தக் கோயிலைத் தாண்டும்போதெல்லாம், மாட்டு வண்டியானாலும் பஸ்ஸானாலும், இறங்கி ஒரு கும்பிடு போடாமல் போனதே கிடையாது. போகும்போதும் அரை மணி நேரம் நின்றுதான் போனோம். அதனால் நானே டிரைவரிடம் நிறுத்தச் சொன்னேன்.

"வேண்டாம். ஓட்டு" என்றார் மாமியார்.

அன்றைக்கு என் பேச்சுக்கு வந்த முதல் மறுப்பு அது. நான் திரும்பிப் பார்த்தேன். மாமியார் கோயில் பக்கம் முகத்தைக் காட்டாமல் குனிந்திருந்தார். கும்பிடக்கூடக் கையைத் தூக்கவில்லை. தீட்டு உள்ளவர்கள்தான் கோயிலுக்குள் போகமாட்டார்கள். எங்கள் மூன்று பேரில் யாருக்குத் தீட்டு? ஓர இடம், அருவி, வளையல், பூ, கொடிக்கால் என்று காலையிலிருந்து நடந்ததெல்லாம் ஒரே கணத்தில் என் முன்னால் வந்து நின்றது. கேட்டதெல்லாம் கிடைத்த நாள் அது. எங்கள் வீட்டில் எனக்கு அப்படி ஒரு நாள் சும்மா வராது.

"யாருக்கு என்ன?" என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவுக்கு என்ன?"

"ஒடம்புக்குக் கொஞ்சம் சொகமில்லையாம்" என்றார் முன்சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர். அப்போதும் அதைத்தான் சொன்னார். நாங்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பொய் அது. அதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாமியார் கையை நீட்டி என் தலையிலிருந்து பூவை உருவினார். நான் தடுக்கவில்லை. பூச்சரம் முடியில் சிக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவர் அழுதுகொண்டே, "வழியில சொன்னாத் தாங்கமாட்டேன்னுதான் ஆத்தா..." என்று ஆரம்பித்தார். "பேசாதீக" என்றேன். கல்யாணமானதிலிருந்து நான் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு டிரைவர் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, அதைக் காலையிலேயே ஓட்டியிருக்கலாம். தேனியை எப்போது தாண்டினோம் என்றே தெரியவில்லை. கண்டமனூருக்கு அந்தப்பக்கம் பாதை வெறும் கல்லும் குழியுமாக இருந்தது. ஒரு கல்லில் ஏறி இறங்கி டயர் பஞ்சராகிவிட்டது. டிரைவரும் என் வீட்டுக்காரரும் ரோட்டில் மண்டியிட்டு ட்யூபை உருவி ஒட்டுப் போட்டார்கள். நான் இறங்கி நடக்கத் தொடங்கினேன். பட்டுச் சேலை காலைத் தடுக்கியது. நான் எத்தனை தூரம் போயிருப்பேனோ, கார் பின்னால் வந்து என்னை ஏற்றிக்கொண்டது. இடப்பக்கம் வருசநாட்டு மலை மேல் மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. பார்க்க அழகான மலைதான். அன்றைக்கு அந்த வெயில் குறைகிறதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் பாதை வைகையை ஒட்டிப் போகும். அங்கேதான் எங்கள் ஊர்ச் சுடுகாடு. தூரத்திலேயே புகை தெரிந்தது. அது அடுப்புப் புகை இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிட்டே வர வர ஆட்கள் நிற்பது தெரிந்தது. பாதையிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

"நிப்பாட்டுங்க" என்றேன்.

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். குறைத்துவிட்டு மாமியாரைத் திரும்பிப் பார்த்தார்.

"பொம்பள அங்கன போகக் கூடாது. ஓட்டுப்பா" என்றார் மாமியார்.

"நான் எறங்கலை. இங்கன நின்னே பாக்குறேன். நிப்பாட்டச் சொல்லுங்க" என்று என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் திரும்பவே இல்லை. நான் எனக்கென்று கேட்ட இடமெல்லாம் அன்றைக்கு நின்ற கார், அங்கே மட்டும் நிற்கவில்லை. மாமியார் என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். புகை காருக்குள்ளும் வந்தது.

வீட்டில் நடுவீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் இன்னும் காயவில்லை. அம்மா கிடந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஈரத் தலையோடு இருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். பட்டுச் சேலையைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார்கள், பிறகுதான் கட்டிக்கொண்டார்கள். சின்னம்மா என்னைச் சுவரோரம் உட்காரவைத்து, "ஒன்னைய எதிர்பாத்து எதிர்பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு ஆத்தா. ஒங்கய்யா ரெண்டு மட்டம் தூக்கவிடாம நிறுத்துனாக. மக காருல வர்றா, பறந்து வந்துரும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. பொழுது போகுதுன்னு ஊர்க்காரக ஏசவும்தான் விட்டாக. இப்பத்தான் தூக்கிட்டுப் போனாக, செத்த நேரந்தான் ஆகுது" என்றாள்.

செத்த நேரம். ஒரு வளையல் அளவு பார்க்கிற நேரம். கொடிக்காலில் நின்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பாதி. என் மாமியார் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் கேட்க ஒரு வார்த்தை விட வேண்டும் என்று எனக்கு நாக்குத் துடித்தது. இந்த மகராசிதான் மறைத்தாள் என்று தெருவே கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது. பெற்ற அய்யா வரட்டும், அவரிடமே சொல்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆண்கள் ஆற்றில் முழுகிவிட்டு வந்தார்கள். அய்யா ஈர வேட்டியோடு வாசலில் நின்று விளக்கைக் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். பட்டுச் சேலையைப் பார்த்தார். என் மடியில் இருந்த வெற்றிலைக் கட்டையும் பார்த்தார். அதை அதுவரை நான் கீழே வைக்கவே இல்லை. அய்யா ஒரே நாளில் ஒடுங்கிப்போயிருந்தார். தன் மேல்தான் குற்றம், இன்னும் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிற முகம் அது.

"வழியில எங்கயும் நிக்காமத்தான வந்தீக?" என்று கேட்டார்.

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாய்யா. எங்கயும் நிக்கல. டயருதான் பஞ்சராயிருச்சு" என்றேன்.

மாமியார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அய்யா, "அப்பச் சரி, யாரு என்ன செய்ய முடியும்" என்று சொல்லிவிட்டு, முற்றத்தில் போய் உட்கார்ந்தார்.